படகில் பிரேக் கிடையாது

என் அண்ணனுக்கு உயிர் வலது காலில் இருக்கிறது. மற்றவர்களுக்கெல்லாம் அது எங்கே இருக்கிறதோ எனக்குத் தெரியாது. இவன் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கிறவருக்கு ஸ்டீயரிங் கிடையாது. அது கற்றுக்கொள்ள வந்தவர் கையில் இருக்கும். மாஸ்டருக்குப் பக்கத்து சீட்தான். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக்கும் ஒரு கிளட்ச்சும் வைத்திருப்பார்கள். இருபது வருடத்துக்கும் மேலாக அண்ணன் அந்த சீட்டில் உட்கார்ந்து, வலது காலை பிரேக்குக்கு ஒரு விரல் உயரத்தில் தூக்கிப் பிடித்தபடியே ஊரைச் சுற்றி வந்திருக்கிறான். அவன் குதிகால் ஊன்றும் இடத்தில் காரின் தரைவிரிப்பு தேய்ந்து ஓட்டையாகிவிட்டது. செருப்பு வாங்கினாலும் வலதுதான் முதலில் தேயும். ஒரு தடவை கடையில் போய், வலது கால் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறான். கடைக்காரர், கிடைக்கும், ஆனால் ரெண்டுக்கும் காசு கொடுக்க வேண்டும் என்றாராம்.

காரை விட்டு இறங்கினாலும் அந்தக் கால் வேலையை விடாது. டிவியில் யாராவது யாரையாவது துரத்திக்கொண்டு காரில் போனால் அண்ணன் சோபாவில் உட்கார்ந்தபடியே தரையை மிதிப்பான். லிஃப்ட் கீழே இறங்கும்போது மிதிப்பான். பல் டாக்டர் நாற்காலியைச் சாய்த்தபோது அவன் மிதித்த மிதியில் கால் வைக்கிற பலகை கழன்று வந்துவிட்டது. டாக்டர் பாவம், பல்லுக்கு வந்தவனிடம் பலகையைப் பற்றி எப்படிக் கேட்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார்.

காலோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். அவன் குணமும் அப்படியே ஆகிவிட்டதுதான் என் வயிற்றெரிச்சல். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பான். வீட்டுக்கு வேறு வண்ணம் அடிப்போமா என்றால் பார்க்கலாம். மூக்குக் கண்ணாடியை மாற்று என்றால் பார்க்கலாம். கல்யாணப் பேச்சு எடுத்தால் பார்க்கலாம். அவன் பார்த்து முடிப்பதற்குள் அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கும். கடைசியாக ஒரு ஹோட்டலில் ஒருவரைச் சந்திக்க ஏற்பாடு செய்தேன். இவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வெளியே ஒருவர் காரைப் பின்னால் எடுத்து நிறுத்த முடியாமல் திண்டாடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பொறுக்க முடியாமல் எழுந்து போய் நிறுத்திக் கொடுத்துவிட்டு வந்தான். வந்து பார்த்தால் அந்தப் பெண்மணி கிளம்பிவிட்டார்.

அன்று இரவே என்னிடம் சொல்லிவிட்டான். "இங்க பாரும்மா, இனிமே யாரையாவது காட்டறேன்னு என்னைக் கூட்டிட்டுப் போனா, ஓடற வண்டியில இருந்து இறங்கிடுவேன்."

ஓடுகிற வண்டியில் கையை வெளியே நீட்டினாலே திட்டுகிறவன் இப்படிச் சொல்கிறான் என்றால், விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். நானும் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போதுதான் கேக் வேன் வந்தது.

நான் ஒரு விருந்து மண்டபத்தில் வரவேற்பு மேசையில் உட்கார்கிறவள். அங்கே நடக்கும் விசேஷங்களுக்கெல்லாம் ஒரே ஒரு கடையிலிருந்துதான் கேக் வரும். கடையின் சொந்தக்காரப் பெண்மணியே செய்வார், அவரே வேனில் கொண்டு வருவார். என்னைவிட ரெண்டு மூன்று வயது மூத்தவர். ஒரு காலத்தில் கல்யாணமாகி, அது ஒத்துவராமல் போய், வெகுநாளாகத் தனியாக இருக்கிறார். அன்று அவர் கொண்டு வந்தது நாலு அடுக்குக் கேக். அடுக்குக்கு அடுக்கு விரலால் தொட்டாலே உடைந்துபோகிற சர்க்கரைப் பூ. மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் எங்கள் சாலையில் வந்து, மண்டப வாசலில் வேனைப் பின்னால் எடுத்து நிறுத்தி, கதவைத் திறந்தார். ஒரு இதழ்கூட நகரவில்லை.

"எப்படிக்கா பிரேக்கே போடாம ஓட்டறீங்க?" என்று கேட்டேன்.

"போடாம எப்படிம்மா? தூரத்துலயே பாத்து காலை எடுத்துடுவேன். வண்டி அதுவா அடங்கி நிக்கும். கேக்கை வச்சுக்கிட்டு பிரேக்கை மிதிச்சா, மேல் அடுக்கு எழுந்து வந்து என் மடியில உக்காந்துக்கும்."

எனக்குத் தலை கிறுகிறுவென்று சுற்றியது. ஊரிலேயே பிரேக்கை அதிகமாக மிதிக்கிற ஆண் என் வீட்டில் இருக்கிறான்; ஊரிலேயே குறைவாக மிதிக்கிற பெண் என் எதிரில் நிற்கிறார். இதைப் பார்த்துவிட்டு ஒரு தங்கை சும்மா இருந்தால் அவள் என்ன தங்கை.

நாலு விசேஷத்துக்குள் நாங்கள் நெருங்கிவிட்டோம். அண்ணனைப் பற்றிச் சொன்னேன். காலைப் பற்றியும் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. வெளியூரில் அவருடைய அக்கா பெரிதாக ஒரு பேக்கரி வைத்திருக்கிறார். இங்கே தனியாகக் கிடந்து என்ன செய்கிறாய், வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அடுத்த மாதம் கடையைக் காலி செய்வதாக இவரும் ஒத்துக்கொண்டிருந்தார். அண்ணன் பார்க்கலாம் என்று சொல்லி முடிப்பதற்குள் வேன் ஊரைத் தாண்டிவிடும்.

"ஒரு தடவை பேசிப் பாக்கறேன்," என்றார் அவர். "ஆனா அவருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும். எதுக்கு வந்திருக்கோம்னே தெரியாம உக்காந்திருக்கிற மனுஷன் எதிர்ல நான் உக்கார மாட்டேன். எனக்கு அது கேவலமா இருக்கும்."

"தெரியும், தெரியும்," என்றேன் நான். கொஞ்சமும் வாய் கூசவில்லை.

அண்ணனிடம் சொன்னது வேறு. "ஞாயித்துக்கிழமை ஏரிக்குப் போறோம். பறவை இருக்கு, படகு இருக்கு, நல்லா நடக்கலாம். மண்டபத்துக்கு கேக் கொண்டு வர்றவங்களும் அவங்க வேன்ல வராங்க."

"ரோடு எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டான்.

ஏரியை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே ரோடுதான். ஊரில் எங்கே உட்கார வைத்தாலும் அவன் கண் வண்டிகள் மேலேயே இருக்கும். சக்கரம் வைத்த எதுவும் கண்ணில் படாத இடம் எது என்று யோசித்து யோசித்து, தண்ணீரைக் கண்டுபிடித்தேன்.

என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அவசரமே இல்லாத மனிதர். கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நீ அவங்களை அக்கா அக்கான்னு கூப்பிடற. உனக்கு அக்கான்னா மச்சானுக்கு அவங்க என்ன முறை ஆகும்? யோசிச்சியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றிலிருந்து அக்காவை விட்டேன். "ஏங்க", "இங்க பாருங்க" என்று ஒப்பேற்றினேன். நாக்கு பழைய வழக்கத்தில் அக்கா என்று போய்விடக் கூடாதே என்று, பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் எனக்குள்ளேயே வேறு ஒரு வார்த்தையைச் சொல்லிப் பழகினேன். அண்ணி, சாப்பிட்டீங்களா. அண்ணி, இந்தப் புடவை உங்களுக்கு நல்லா இருக்கு. சொல்லச் சொல்ல வாய் இனித்தது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கார் காலை வாரிவிட்டது. கிளம்பவே மாட்டேன் என்றது. அதனால் டிரைவிங் ஸ்கூல் காரிலேயே கிளம்பினோம். தலையில் போர்டு வைத்த கார். ஓட்டியது என் வீட்டுக்காரர். பக்கத்து சீட்டில் அண்ணன். பின்னால் நான், சாண்ட்விச் டப்பா, அவித்த முட்டை, காப்பி பிளாஸ்க்.

ஒரு ஆட்டுக்குட்டி சாலையோரம் நின்றது. அண்ணன் பிரேக் போட்டான். வளைவு வந்தது, போட்டான். ஒரு காய்ந்த இலை கண்ணாடிக்கு முன்னால் பறந்தது, அதற்கும் போட்டான். ஒவ்வொரு தடவையும் முட்டைகள் சீட்டுக்கு அடியில் உருண்டன, நான் குனிந்து பொறுக்கினேன். பின்னால் வந்தவர்களெல்லாம் போர்டைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் பாவம் இப்போதுதான் கற்றுக்கொள்கிறார் என்று என் வீட்டுக்காரரைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு தாண்டிப் போனார்கள்.

"மச்சான்," என்றார் அவர் கடைசியில், "வண்டியை நான் ஓட்டறேனா, நீங்க ஓட்டறீங்களா?"

"நீங்கதான் ஓட்டறீங்க மாப்பிள்ளை. நான் நிறுத்த மட்டும்தான் செய்யறேன்."



மண்பாதை மரங்களுக்கு நடுவே வளைந்து ஏறியது. மேட்டைத் தாண்டியதும் மரங்கள் விலகின. எதிரே கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். எதிர்க்கரையில் தாழ்வான குன்றுகள், கரையோரம் நாணல், காற்றில் தண்ணீர் முழுக்கச் சின்னச் சின்னதாக மினுக்கியது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு முழங்கால் வரை ஓடி இறங்கினேன். ஜில்லென்று இருந்தது. ஒரு முக்குளிப்பான் பறவை என்னைப் பார்த்ததும் முங்கி, எதிர்பாராத இடத்தில் எழுந்து, மறுபடி முங்கியது. நானும் அது அடுத்து எங்கே எழும் என்று கையை நீட்டிக் காட்டுவதும் தப்பாகப் போவதுமாக, தனியாகவே சிரித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் கரையில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தான். "எவ்வளவு பெரிய இடம்," என்றான். "ஒரு சிக்னல்கூட இல்ல."

கேக் கடைக்காரர் எங்களுக்கு முன்பே வந்து, வேனை ஒரு மரத்தடியில் விட்டுவிட்டு, கரையில் நின்று தட்டைக் கற்களாகப் பொறுக்கித் தண்ணீர்மேல் எறிந்துகொண்டிருந்தார். கல் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தாவிக்கொண்டே போயிற்று. அண்ணன் அதைப் பார்த்தான். அப்படியே நகர்ந்து போய் அவர் பக்கத்தில் நின்றான்.

"அது நிக்கவே மாட்டேங்குதே," என்றான்.

"நிக்கிறதுக்கா எறியறோம்?" என்று சொல்லி ஒரு கல்லை அவன் கையில் கொடுத்தார். அவன் எறிந்தது 'ப்ளக்' என்று விழுந்த இடத்திலேயே முழுகிப்போனது. இன்னொன்று கொடுத்தார். அதுவும் முழுகியது. அண்ணன் குனிந்து, தானே ஒரு கல்லைப் பொறுக்கினான். நான் என் வீட்டுக்காரரின் கையை நறுக்கென்று கிள்ளினேன். அவர் காரணம் கேட்காமல் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

ஏரியைச் சுற்றி நடக்கிற பாதையில் அரை மணி போல நடந்தோம். குறுக்கே ஓடை வந்தபோது கேக் கடைக்காரர் தாண்டிவிட்டுத் திரும்பி, "வாங்க, ஆழம் இல்ல," என்றார். அண்ணன் ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தாண்டினான். பிறகு படகுத் துறைக்கு வந்தோம்.

அன்னப்பறவை மாதிரி செய்த பெடல் படகுகள். வெள்ளை வண்ணம் உரிந்து, மூக்கில் மட்டும் சிவப்பு மிச்சம் இருந்தது. ஒன்றில் ரெண்டு பேர்தான். "எனக்குக் கால் வலிக்குது, நீங்க ரெண்டு பேரும் முதல்ல போயிட்டு வாங்க," என்றேன். இந்த வசனத்தை வீட்டிலேயே தயார் செய்து வைத்திருந்தேன்.

அண்ணன் அவர் மாட்டியிருந்த லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கச் சொன்னான். படகைச் சுற்றி வந்து நாலு பக்கமும் பார்த்தான். அவர் முதலில் ஏறி, திருப்புகிற பிடி இருக்கும் பக்கம் உட்கார்ந்தார். இவன் பழக்கதோஷத்தில் பக்கத்து சீட்டில் போய் அமர்ந்தான். உட்கார்ந்து கீழே பார்த்தால், காலடியில் ரெண்டு பெடல்.

எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

"பின்னாடி பாத்துட்டு எடுங்க," என்றான் அண்ணன்.

"சார், அது படகு," என்றார் படகுக்காரர்.

அந்த மாதிரிப் படகில் ரெண்டு பேர் பெடல்களும் ஒரே கம்பியில் கோத்திருக்கும். ஒருவர் மிதித்தால் அடுத்தவர் பெடலும் சேர்ந்து சுற்றும். ஒருவர் அழுத்திப் பிடித்தால் அடுத்தவராலும் சுற்ற முடியாது. படகு துறையை விட்டுக் கொஞ்ச தூரம் அழகாகப் போனது. ஒரு வாத்து குறுக்கே வந்தது. படகு நின்றது. வாத்து போன பிறகு நகர்ந்தது. தூரத்தில் இன்னொரு படகு தெரிந்தது. மறுபடி நின்றது.

கரையில் இருந்த எனக்கு இது எதுவும் தெரியாது. ஏரி நடுவில் படகை நிறுத்தி நிறுத்தி ரெண்டு பேரும் பேசுகிறார்கள் என்பதுதான் தெரிந்தது. அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கும் சத்தம் தண்ணீர்மேல் வந்தது.

"நின்னுட்டாங்க," என்றேன் என் வீட்டுக்காரரிடம். "பாருங்க, மறுபடி நின்னுட்டாங்க. எவ்வளவு பேசறாங்க."

அவர் புல்லில் மல்லாந்து படுத்து முட்டை உரித்துக்கொண்டிருந்தார். "படகு ரிப்பேரா இருக்கும்," என்றார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மனசுக்குள் புடவை எடுத்துவிட்டேன், யார் யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்துவிட்டேன், கல்யாணக் கேக்கை மட்டும் அவரையே செய்யச் சொல்லலாமா, அது மரியாதையாக இருக்குமா என்று குழம்பிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன், அவருடைய ஷால் தோளிலிருந்து நழுவி, படகின் பின்பக்கம் தண்ணீரில் கிடந்தது. சுற்றுகிற துடுப்பில் சிக்கினால் கழுத்தைப் பிடித்து இழுத்துவிடும்.  எழுந்து நின்று வாயைச் சுற்றிக் கையைக் குவித்து, என் பலம் முழுவதையும் சேர்த்துக் கத்தினேன்.

"அண்ணி, உங்க ஷால் தண்ணியில கிடக்கு."

ஏரி என்றால் குரல் எப்படிப் போகும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அது போய், எதிர்க்கரைக் குன்றில் மோதி, முதல் வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தது. அண்ணி. தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். படகுக்காரர் பார்த்தார். என் வீட்டுக்காரர் பாதி முட்டையோடு எழுந்து உட்கார்ந்தார்.

"முடிஞ்சுது," என்றார்.

நடு ஏரியில் படகு ஆணி அடித்த மாதிரி நின்றது.

நான் என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு துறைக்கு ஓடினேன். கால் வலி எங்கே என்று படகுக்காரர் கேட்டார். இன்னொரு அன்னத்தில் தொப்பென்று குதித்து உட்கார்ந்து, "மிதிங்க, மிதிங்க," என்றேன். போய் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. போய்விட்டால் ஏதாவது வாயில் வரும் என்று நம்பினேன்.

நாங்கள் மிதித்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் படகில் நடந்ததை ரெண்டு பேரும் பிற்பாடு தனித்தனியாகச் சொன்னார்கள். ஒத்துப்போன பாகம் இதுதான்.

அவர் ஷாலை எடுத்துப் பிழிந்தார். அண்ணன், "என் தங்கச்சி ஏன் உங்களை அப்படிக் கூப்பிடறா?" என்று கேட்டான்.

"உங்களுக்கு எல்லாம் தெரியும்னு சொன்னாங்களே," என்றார் அவர்.

 அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. காது வரைக்கும் சூடேறிவிட்டதாம். "தெரியாதா. சரி. மன்னிச்சுக்குங்க. கரைக்குப் போயிடலாம்," என்று படகைத் திருப்பினார். பெடலை மிதித்தார். அது அசையவில்லை.

"காலை எடுங்க," என்றார்.

அண்ணன் எடுக்கவில்லை.

"நீங்க மிதிச்சுட்டிருந்தா எனக்குச் சுத்தாது. காலை எடுத்தாத்தான் கரைக்குப் போக முடியும்."

"தெரியுது," என்றான் அண்ணன். "எடுக்க முடியல."

"ஏன்?"

அண்ணன் வாயைத் திறந்தான். என்ன சொல்லியிருப்பானோ, அந்த நேரம் பார்த்துத்தான் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். போய்ச் சேர்ந்தோம் என்பது கௌரவமான பேச்சு. வந்த வேகத்தில் நான் பிடியை இந்தப் பக்கம் இழுக்க வேண்டும், அந்தப் பக்கம் இழுத்தேன். எங்கள் அன்னம் அவர்கள் அன்னத்தை நோக்கி நேராகப் போனது.

"பிரேக் போடு," என்று அண்ணன் ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்தினான். "பிரேக்கைப் போடும்மா."

"படகுல பிரேக் எங்கண்ணா இருக்கு," என்று நானும் கத்தினேன்.

டமால் என்று மோதியது. எங்கள் அன்னத்தின் சிவப்பு மூக்கு அவர்கள் படகுக்குள் நுழைந்து ரெண்டு பேருக்கும் நடுவில் நின்றது. தண்ணீர் எழும்பி நாலு பேர் தலையிலும் கொட்டியது. என் வீட்டுக்காரர் மூக்கில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்கீங்களா மச்சான்?" என்று குசலம் விசாரித்தார். படகுக்காரர் கரையிலிருந்து விசிலை ஊதித் தள்ளினார்.

கரைக்கு வந்தோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவர் வேனிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்து திறந்தார். உள்ளே சின்னதாக ஒரு சாக்லேட் கேக், சுற்றிலும் குச்சி குச்சியாகச் சாக்லேட் வேலி, ஒரு குச்சிகூடச் சாயவில்லை. நாலு துண்டு வெட்டி எங்கள் மூன்று பேருக்கும் கொடுத்தார். மிச்சத்தை அப்படியே பெட்டியில் மூடி வைத்தார். தன் துண்டைத் தொடவில்லை.

"நீங்க அவருக்குத் தெரியும்னு சொன்னீங்க," என்றார் என்னிடம். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார்.

அண்ணன் ஒரு கல்லில் உட்கார்ந்து நனைந்த சாக்ஸைப் பிழிந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்து, "ஏம்மா இப்படிப் பண்ண?" என்று மட்டும் கேட்டான். என் வீட்டுக்காரர் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மெல்லிய குரலில், "என்ன மச்சான் சொல்றீங்க?" என்றார்.

"பார்க்கலாம்," என்றான் அண்ணன்.

அந்த வார்த்தை கேக் கடைக்காரர் காதிலும் விழுந்தது. தட்டை எடுத்து வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேனைப் பார்க்க நடந்தார். நான் அழுதுவிட்டேன். ஏரி அப்படியே மினுக்கிக்கொண்டுதான் இருந்தது. அந்த முக்குளிப்பான் வேறு எதுவுமே நடக்காத மாதிரி முங்கி முங்கி எழுந்தது. அதன்மேல்கூட எனக்குக் கோபம் வந்தது.

வேன் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. அண்ணன் தலையைத் தூக்கினான். சாக்ஸைப் பையில் திணித்தான். ஷூவை மாட்டிக்கொண்டு, நாடாகூடக் கட்டாமல், ஓடினான். என் அண்ணன் ஓடி நான் பார்த்தது சின்ன வயதில்தான். வேனின் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். நான் பின்னாலேயே ஓடிப் போயிருந்ததால் அவன் சொன்னது காதில் விழுந்தது.

"உங்க வேனோட பிரேக்ல ஏதோ சத்தம் வருது. கூட வந்து பாக்கறேன்."

"நான் இன்னும் வண்டியை எடுக்கவே இல்லையே," என்றார் அவர்.

"அதான். ஹேண்ட் பிரேக்கை எடுங்க."

இருபது வருடமாக ஊருக்கெல்லாம் ஹேண்ட் பிரேக்கைப் போடு, போடு என்று கத்திக்கொண்டிருந்த மனுஷன். நான் மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

ஸ்கூல் காரில் என் வீட்டுக்காரர் ஓட்ட, நான் அண்ணனுடைய சீட்டில் உட்கார்ந்து வந்தேன். முன்னால் வேன் போயிற்று. பிரேக் போட்டால் எரியும் அதன் பின்பக்கச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். மண்பாதை வளைந்தது, விளக்கு எரியவில்லை. மாடுகள் தாண்டின; வேன் தூரத்திலேயே தணிந்து, ஊர்ந்து, அவை போனதும் தானாகவே வேகம் எடுத்தது. விளக்கு எரியவே இல்லை.

உள்ளே என்ன பேச்சு நடந்தது என்று அவர்தான் எனக்குப் பிறகு சொன்னார். வெகுநேரம் அண்ணன் தரையை மிதித்து மிதித்துப் பார்த்தானாம், அங்கே பெடல் இல்லை. மிதிக்கும்போதெல்லாம் அவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுச் சும்மா ஓட்டியிருக்கிறார். மெயின் ரோடு ஏறின பிறகு அவனே ஆரம்பித்திருக்கிறான்.

"படகுல ஏன் காலை எடுக்கலைன்னு கேட்டீங்க."

"ஆமா."

"எடுத்தா நீங்க கரைக்குப் போயிடுவீங்க. போக வேணாம்னு இருந்துச்சு."

அவர் கேக் பெட்டியை எடுத்து அவன் மடியில் வைத்து, "இதைப் பிடிச்சுக்குங்க. சாயாம பாத்துக்குங்க," என்றாராம்.

இதெல்லாம் தெரியாமல் நான் பின்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு வந்தேன். ஊருக்கு வெளியே ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டிகள் ரெண்டு வரிசையாக நின்றன. என் வீட்டுக்காரர் எப்படியோ நெளித்து நெளித்துக் கொண்டு போய், வேனுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார். அவர் வாழ்நாளில் செய்த ஒரே அவசரக் காரியம் அதுதான்.

நான் எட்டிப் பார்த்தேன். அண்ணன் ஷூவைக் கழற்றிவிட்டிருந்தான். ரெண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் கேக் பெட்டி. கேக்கை விரலால் எடுத்துத் தின்றுகொண்டே, கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவர் ஸ்டீயரிங்மேல் நெற்றியை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது. கண்ணாடியை இறக்கினேன்.

"அண்ணி," என்றேன். இந்த முறை கத்தவில்லை.

என் கால் பதறிப்போய் எனக்கு முன்னால் இருந்த பிரேக்கை மிதித்தது. கார் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா?" என்றார்.

 ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன். அதற்குள் ரயில் வந்து தடதடவென்று போயிற்று, கேட் திறந்தது, அவர் வேனை எடுத்தார். அண்ணன் காலைக் கீழே இறக்கவில்லை.